புல்லுக்கு என்ன எண் கொடுப்பது?

ஈப்போவில் பிற்பகலில் வானம் இருட்டினால் என்ன நடக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை கொட்டுகிறது, அரை மணி நேரத்தில் சிமெண்டுக் கால்வாய் நிரம்பித் தண்ணீர் சாலைக்கு ஏறுகிறது. இத்தனைக்கும் அந்தத் தாமான் இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்திருக்கும். அன்று சருகும் கொடியும் தாங்கி மெல்ல விட்ட மழையை இன்று கூரையும் தாரும் ஒரே மூச்சில் கால்வாயில் கொட்டிவிடுகின்றன.

தோட்டத்திலும் அந்தப் பாடம் எளிதில் வந்துவிடவில்லை. தொடக்க காலத்தில் மரங்களுக்கு இடையே ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்பது துரைமார்களின் கட்டளை. நம் தாத்தா பாட்டிமார் வெயிலில் குனிந்து சுரண்டியெடுத்தது அந்தப் புல்லைத்தான். மேல்மண் மழையோடு போய் ஆறுகளில் படிந்த பிறகே பியூராரியா போன்ற கொடிப்பயிர்களைப் படரவிட்டார்கள். சரிவுகளில் மண் தங்கும் குழிகளை வெட்டினார்கள்.

நகரங்களும் இப்போது அதே பாடத்தைப் படிக்கின்றன. நீர்ப்பாசன, வடிகால் இலாகா 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மஸ்மா’ கையேடு, வெள்ளத்தை விரைவாக விரட்டாமல் பெய்த இடத்திலேயே தாமதப்படுத்தச் சொல்கிறது. அது காட்டும் வழிகளில் ஒன்று புல் வாய்க்கால்: ஆழம் குறைந்த, அகலமான, பக்கங்கள் மெல்லச் சரியும் பள்ளம், அடியிலும் பக்கங்களிலும் புல்.

பாரிட் புந்தார்க்காரர்கள் இதைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். செம்பனைத் தோட்டமாக இருந்த ஏறத்தாழ 320 ஏக்கர் நிலம் அது. அங்கே ‘பயோஇகோட்ஸ்’ என்ற வடிகால் முறையை 2000-களின் தொடக்கத்தில் அமைத்தார்கள். மேலே புல் வாய்க்கால்; அதன் அடியில் நீர் ஊறி ஓடும் கூடுகள்; பிறகு வறண்ட குளங்கள், ஈரநிலம். இத்தனையையும் கடந்த பிறகே நீர் கிரியான் ஆற்றுக்குப் போகிறது.

இப்படி ஒன்றை வெட்டும் முன் பொறியாளர் அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 1971 முதல் வளர்த்துவரும் ‘ஸ்வம்’ மென்பொருள் இதற்குப் பெயர் பெற்றது, இலவசமாகவே கிடைக்கிறது. மழை, நிலப்பரப்பு, சரிவு, வாய்க்காலின் வடிவம் எல்லாவற்றையும் கொடுத்த பிறகு அது ஒரு கேள்வி கேட்கும்: சொரசொரப்பு எண் என்ன? அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங்கின் பெயர் தாங்கிய எண் அது. எண் கூடினால் நீரின் வேகம் குறையும். சிமெண்டுக்கு 0.015 என்று போட்டுவிடலாம். சிக்கல் புல்லில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடி அகலம் 1 மீட்டர். பக்கங்கள் 1 மீட்டர் உயர 3 மீட்டர் விரிகின்றன. சரிவு 500 மீட்டருக்கு 1 மீட்டர். நீரின் ஆழம் 30 சென்டிமீட்டர். சிமெண்டாக இருந்தால் நீர் விநாடிக்கு 1 மீட்டர் ஓடும். 500 மீட்டரை 8 நிமிடத்தில் கடந்துவிடும். வெட்டிய புல்லுக்கு 0.035 என்று வைத்தால் ஏறக்குறைய 20 நிமிடம். நீர்மட்டத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அடர்ந்த புல்லுக்கு 0.2 என்றால் இரண்டு மணி நேரத்தை நெருங்கும்.

தாமதம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதே ஆழத்தில் சிமெண்டு விநாடிக்கு 570 லிட்டரைக் கொண்டுபோகும். வெட்டிய புல் 245 லிட்டர். உயர்ந்த புல் 43 லிட்டர்தான். திரையில் 0.035 என்று தட்டிவிட்டு, தரையில் புல்லை மாதக்கணக்கில் வெட்டாமல் விட்டால் மீதித் தண்ணீர் யார் வீட்டு வாசலுக்குப் போகும்?

புல் இன்னொரு வேடிக்கையும் செய்யும். சிறு மழையில் நிமிர்ந்து நின்று நீரை மறிக்கும். பெருமழையில் மூழ்கியதும் படுத்துவிடும், எண்ணும் சரிந்துவிடும். அமெரிக்காவின் ஸ்டில்வாட்டரில் 1940-களில் புல் வாய்க்கால்களில் உண்மையாகவே நீரை ஓடவிட்டு இதை அளந்தார்கள். ஆகவே கவனமுள்ள பொறியாளர் ஒரே எண்ணோடு நிறுத்த மாட்டார். வாய்க்கால் நிரம்பி வழியுமா என்று பார்க்க உயர்ந்த புல்லின் எண். மண் அரிக்குமா என்று பார்க்க, அப்போதுதான் வெட்டிய புல்லின் எண். இரண்டிலும் தேறினால்தான் வெட்டலாம்.

அடுத்தது மண். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கம் விட்டுச்சென்ற மணலும் உண்டு, சேறும் உண்டு. மென்பொருளின் கையேட்டு அட்டவணையில், ஈரமான மணல் மணிக்கு ஏறக்குறைய 120 மில்லிமீட்டர் நீரை உறிஞ்சும். களிமண் கால் மில்லிமீட்டர்தான். ஒரே தெருவின் இரு முனைகளுக்கு இரு எண்கள் தேவைப்படலாம். புல்டோசர் ஏறி இறங்கிய தோட்ட மண்ணோ, அட்டவணை சொல்வதைவிடவும் இறுகிப்போயிருக்கும். மண்ணைச் சோதிக்காமல் போடும் எண் வெறும் ஊகம்.

கொசு வருமே என்று குடியிருப்பாளர்கள் கேட்பது நியாயம். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒழுங்காக அமைந்த புல் வாய்க்கால் சில மணி நேரத்தில் வடிந்து காய்ந்துவிடும். சரிவு மிகக் குறைவான இடத்தில் அடியில் துளைக்குழாய் பதிக்க வேண்டியிருக்கும். கார் ஏறி அழுத்திய பள்ளத்திலும், யாரோ வாசலுக்குப் போட்ட பலகையின் அடியிலும் நீர் தேங்குவதை மட்டும் எந்த மென்பொருளும் முன்கூட்டிக் காட்டாது. அதற்கு மழை விட்டதும் ஒருவர் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.