சாறு வற்றாத வெண்பன்றித் துண்டம்: காற்றுப் பொரிப்பானில் வேகவைக்கும் முறை

வெண்பன்றி வளர்க்கும் உழவர்கள் பயிற்சிக்கு வரும்போது அடிக்கடி ஒரு குறையைச் சொல்வதுண்டு. "தீவனம் குறைவில்லாமல் கொடுத்தோம், பன்றியும் நன்றாகவே எடை வந்தது. ஆனால் வாங்கிச் சென்றவர்கள் முதுகுக் கறி சக்கையாக இருக்கிறது என்கிறார்கள். அடுத்த முறை வரவே மாட்டேன் என்கிறார்கள்" என்பதே அந்தக் குறை. நான் பயிர்ப் பாடம் நடத்துபவன். அடுப்படி எனக்கு உரிய துறை அன்று. ஆயினும் விளைபொருளை வாங்குபவர் வீட்டில் அது எப்படி வேகிறது என்பது தெரியாமல் விற்பனையைப் பற்றிப் பேச முடியாது. ஆகவே, நகரங்களிலும் இப்பொழுது சிற்றூர்களிலும் பல வீடுகளுக்கு வந்துவிட்ட 'ஏர் பிரையர்' எனும் காற்றுப் பொரிப்பானில், வெளிப்புறம் மொறுமொறுப்பாகவும் உட்புறம் சாறு நிறைந்தும் பன்றித் துண்டத்தை வேகவைப்பது எப்படி என்பதையும், அது எதனால் அவ்வாறு ஆகிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

எந்தக் கறி இதற்கு ஏற்றது?

பன்றியின் முதுகெலும்பை ஒட்டி இருபுறமும் நீளவாக்கில் ஓடும் தசையை விலாவெலும்போடு சேர்த்துக் குறுக்காக வெட்டினால் கிடைப்பதே 'சாப்ஸ்' எனப்படும் துண்டம். இத்தசை அதிகம் உழைக்காதது. ஆகையால் இதில் கொழுப்பும் குறைவு, சவ்வு போன்ற இணைப்புத் திசுவும் குறைவு. தோள், தொடை, வயிற்றுப் பகுதிக் கறியை மணிக்கணக்கில் வேகவைத்தால் அதிலுள்ள சவ்வு கூழாகி கறி மென்மை பெறும். முதுகுக் கறியில் கரைவதற்குச் சவ்வு இல்லை. எனவே நேரம் கூடக்கூட அது காயத்தான் செய்யும். நம் பக்கத்தில் எல்லாப் பகுதியையும் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக் கலந்து ஒரே குழம்பில் போடுகிறோம். தோள் கறி வெந்து பதமாகும் வேளையில் முதுகுக் கறி சக்கையாகிவிடுகிறது. வாங்கியவரின் குறைக்கு முதல் காரணம் இதுவே. முதுகுத் தசையைத் தனியே வெட்டி, இதைக் குழம்புக்குப் போடாதீர்கள் என்று சொல்லி விற்பது நலம்.

துண்டத்தின் கனம் ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் இருக்கவேண்டும். கறிக்கடையில் கேட்காமல் விட்டால் அரை அங்குலத்துக்கும் குறைவாகவே வெட்டித் தருவார்கள். அவ்வளவு மெல்லிய துண்டம் வெளிப்புறம் சிவக்கும் முன்னரே உட்புறம் வறண்டுவிடும். எத்தனை கவனமாகச் செய்தாலும் அதைக் காப்பாற்ற இயலாது.

சாறு தொழுவத்திலேயே தீர்மானமாகிறது

இந்தப் பகுதியைச் சமையற்காரர்கள் படிக்காவிட்டாலும் நீங்கள் படிக்கவேண்டும். உயிருள்ள பன்றியின் தசையில் கார அமில நிலை ஏறத்தாழ 7 ஆகும். மண் பரிசோதனை அட்டையில் நீங்கள் பார்க்கும் அதே அளவுதான். வெட்டிய பிறகு தசையில் சேமித்திருந்த மாவுச்சத்து லாக்டிக் அமிலமாக மாறுகிறது. சில மணி நேரத்தில் இந்த அளவு மெதுவாக 5.6 அளவுக்கு இறங்குவதே இயல்பு. வெட்டுமுன் பன்றி அடிபட்டோ, மிரண்டோ, வெயிலில் மூச்சிரைத்தோ இருந்தால், உடல் சூடு தணியும் முன்பே அமிலம் விரைந்து பெருகிவிடும். சூடும் அமிலமும் சேர்ந்தால் தசைப் புரதம் பாழாகி, தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலை இழக்கும். அத்தகைய கறி வெளிறி, தொளதொளவென்று, தட்டில் வைத்தவுடன் நீர் கசிந்து நிற்கும். இதனை அடுப்பில் சரிசெய்ய வழியில்லை.

பன்றிக்கு வியர்வை மிகக் குறைவு என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே ஏற்றிச் செல்வது விடியற்காலையிலோ இரவிலோ இருக்கட்டும். வேறு வேறு கொட்டில் பன்றிகளை ஒரே வண்டியில் கலந்து ஏற்றினால் வழியெல்லாம் சண்டையிடும். தடியால் அடித்து ஏற்றுவதற்குப் பதிலாக ஒரு பலகையைப் பின்னால் பிடித்து நடத்தினால் அவை தாமாக ஏறும். வெட்டுவதற்கு முன் சுமார் 12 மணி நேரம் தீவனம் நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுக்கவும். வெட்டுமிடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் இளைப்பாற விடுவது, எந்த மசாலாவும் தராத சாற்றைத் தரும். சில லாண்ட்ரேஸ், பியட்ரெயின் வழிப் பன்றிகளில் இந்த மிரட்சித் தன்மை பிறவியிலேயே வருவதுண்டு. கிடா வாங்கும்போது இதையும் விசாரித்துக் கொள்ளுங்கள்.

காற்றுப் பொரிப்பான் என்ன செய்கிறது?

பிலிப்ஸ் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் இக்கருவியை அறிமுகம் செய்தது. இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. பெயரில் பொரிப்பு இருந்தாலும் இதில் நடப்பது பொரிப்பு அன்று. மேற்புறத்தில் ஒரு மின்கம்பிச் சுருள், அதன் மேல் ஒரு விசிறி, கீழே துளையுள்ள கூடை; அவ்வளவுதான். சூடான காற்று கூடையைச் சுற்றி வேகமாகச் சுழல்கிறது. களத்தில் நெல் காயவைக்கும்போது, வெயில் ஒரே அளவாக இருந்தும் காற்றடிக்கும் நாளில் நெல் விரைவில் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். நெல்லின் மேல் தங்கியிருக்கும் ஈரக்காற்றை அடிக்கும் காற்று அகற்றிவிடுகிறது. கருவியிலும் அதே காரியம்தான். கறியின் மேல் படிந்திருக்கும் ஈரக்காற்றை விசிறி நொடிக்கு நொடி அகற்றுவதால் மேற்புறம் விரைவில் உலர்ந்து சிவக்கிறது.

மேற்புறம் ஈரமாக இருக்கும் வரை அதன் வெப்பம் நீரின் கொதிநிலையான 100 பாகை செல்சியசைத் தாண்டாது. கறி சிவந்து மணம் பெறுவதற்கோ 140 பாகையளவு வேண்டும். எனவே மொறுமொறுப்புக்கு முதல் எதிரி ஈரம். கழுவிய துண்டத்தைச் சொட்டச் சொட்டக் கருவிக்குள் வைத்தால் முதல் ஐந்து நிமிடமும் அது ஆவியில் வேகுமே தவிரச் சிவக்காது. நான் முதன்முறை செய்தபோது தயிரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைத்து அப்படியே வைத்தேன். நிறம் வரவில்லையே என்று மேலும் பத்து நிமிடம் வைத்தேன். வெளியே எடுத்தபோது நிறம் வந்திருந்தது. கறியைக் கடிக்கத்தான் முடியவில்லை. வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

உப்பு பிடித்தல்

கறி ஒரு கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் தூள் உப்பு போதும். தலா 200 கிராம் எடையுள்ள நான்கு துண்டங்களுக்கு 10 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக எடுத்து, இருபுறமும் தேய்க்கவேண்டும். கல் உப்பாயின் பொடித்துக்கொள்ளவும். பின்னர் ஒரு தட்டில், மூடாமல், குளிர்பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைக்கவும்; முதல் நாள் இரவே வைத்தால் மிக நன்று. உப்பு முதலில் கறியிலிருந்து நீரை இழுக்கும். அரைமணியில் அந்த நீரே உப்பைக் கரைத்துக்கொண்டு மீண்டும் உள்ளே போகும். உள்ளே சென்ற உப்பு தசைப் புரதத்தை இளக்கி, வேகும்போது நீரை விடாமல் பிடித்துக்கொள்ளச் செய்யும். மூடாமல் வைப்பதால் மேற்புறமும் உலர்ந்துவிடும். ஒரே வேலையில் இரண்டு பயன்.

செய்முறை

துண்டத்தின் ஓரத்தில் உள்ள கொழுப்புப் பட்டையை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் கத்தியால் கீறிவிடவும். இல்லாவிடில் கொழுப்பு சுருங்கி, துண்டம் கிண்ணம்போல் வளைந்துவிடும். சுத்தமான துணியால் மேலுள்ள ஈரத்தை ஒற்றி எடுக்கவும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் தடவி, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவில் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் அரைத் தேக்கரண்டி சீரகத்தூளும் கலந்து மெல்லியதாகத் தூவிப் புரட்டவும். அரிசி மாவு நமக்குப் பழக்கமான பொருள். பஜ்ஜிக்கும் பக்கோடாவுக்கும் மொறுமொறுப்பைத் தருவது அதுதான். ரொட்டித்தூளும் போடலாம், ஆனால் அதற்கு முட்டை பூசவேண்டிவரும். பூண்டு விழுது, இஞ்சி விழுது இரண்டும் கருகிக் கசக்கும் என்பதால் இதில் சேர்க்கவேண்டாம். எலுமிச்சையை வெந்த பிறகு பிழியலாம்.

கருவியை 200 பாகையில் ஐந்து நிமிடம் வெறுமையாக ஓடவிட்டுச் சூடேற்றவும். துண்டங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒரே அடுக்காக வைக்கவேண்டும். நான்கு லிட்டர் கூடையில் இரண்டு துண்டங்களுக்கு மேல் வைத்தால் காற்று புகாது. நான்கையும் ஒருசேர அடைத்து வைத்தால் ஆவியில் வெந்த கறிதான் கிடைக்கும். ஆறு நிமிடத்தில் திருப்பிவிட்டு, மேலும் ஐந்து அல்லது ஆறு நிமிடம் விடவும். கருவிக்குக் கருவி சூடு மாறுபடும். ஆகையால் மணியை மட்டும் நம்பாமல் பத்தாவது நிமிடத்திலேயே உள்வெப்பம் பார்க்கத் தொடங்குங்கள். கொழுப்பு சொட்டிப் புகைந்தால் கூடைக்கு அடியிலுள்ள தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றலாம்.

இந்தக் கருவிகளில் பல 1500 வாட் மின்சாரம் இழுப்பவை. அது ஆறு ஆம்பியருக்கு மேல் ஆவதால், விளக்குப் பலகையில் உள்ள சிறிய பிளக்கில் செருகாமல் 16 ஆம்பியர் பிளக்கில் செருகவும். நான்கு துண்டங்களை இரண்டு தவணையாக வேகவைத்தாலும் மொத்தச் செலவு முக்கால் யூனிட்டைத் தாண்டாது. கருவி இல்லாதவர்கள் கனமான இரும்புத் தோசைக்கல்லை நன்கு காயவைத்து, பக்கத்துக்கு ஐந்து நிமிடமாகத் திருப்பித் திருப்பி வேகவைக்கலாம். உப்பும் உலர்த்தலும் உள்வெப்பமும் அதற்கும் அப்படியே பொருந்தும்.

எவ்வளவு வெந்தால் போதும்?

கறியை உலர்த்திவிடுவது உள்வெப்பமே. 50 பாகையைத் தாண்டும்போது தசையிலுள்ள மயோசின் எனும் புரதம் உறைந்து கறி இறுகத் தொடங்கும். இது விரும்பத்தக்க பதம். 66 பாகைக்கு மேல் ஆக்டின் எனும் புரதமும் உறையும். அப்போது தசைநார் சுருங்கி, துணியைப் பிழிவதுபோல் நீரை வெளியேற்றும். 80 பாகையில் எஞ்சுவது சக்கை.

அமெரிக்க வேளாண்மைத் துறை, முழுத்துண்டுப் பன்றிக் கறிக்கு முன்பு 71 பாகை என்று சொல்லிவந்ததை 2011-ஆம் ஆண்டு 63 பாகையாகக் குறைத்து, அடுப்பிலிருந்து எடுத்தபின் மூன்று நிமிடம் வைத்திருக்கவேண்டும் என்று அறிவித்தது. கொத்துக்கறிக்கு இன்றும் 71 பாகைதான். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தாலே பச்சைக் கறி என்று அஞ்சவேண்டியதில்லை.

ஆனால் நம் மக்கள் பன்றிக் கறியைக் கரைய வேகவைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்கமாட்டேன். தெருவில் திரிந்து மனிதக் கழிவைத் தின்னும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் இளம்பருவப் பைகள் இருக்கக்கூடும். வெந்த ஜவ்வரிசி போல், நடுவில் ஒரு வெண்புள்ளியோடு தெரியும். அரைவேக்காடாக உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் பைகள் தங்கி வலிப்பு வருவது, நாடாப்புழு உள்ளவரின் மலத்திலிருந்து வெளிவரும் முட்டைகள் கையாலும் தண்ணீராலும் காய்கறியாலும் வாய்க்குள் போவதால்தான். கறியே உண்ணாதவருக்கும் அது வருவது இதனால்தான். எனவே கழிப்பறையும், கை கழுவுதலும், பன்றியைக் கொட்டிலில் அடைத்து வளர்ப்பதும் இந்நோயை முறியடிக்கும். அடைத்து வளர்த்து, மருத்துவர் பார்வையிட்டு வெட்டிய வெண்பன்றியின் துண்டத்தை 63 முதல் 65 பாகையில் எடுத்து உண்ணலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கறியை வாங்காதிருப்பதே என் கருத்து. வாங்கிவிட்டால் 71 பாகைக்குக் குறையாமல் வேகவையுங்கள். சாறு சற்றுக் குறையும். உப்பு பிடித்திருந்தால் அப்போதும் சக்கையாகாது. பைகள் கண்ணில் பட்டால் எந்தச் சூட்டிலும் வேகவைக்காமல் புதைத்துவிடவும்.

உள்வெப்பம் பார்க்கும் ஊசி வெப்பமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஊசியைத் துண்டத்தின் பக்கவாட்டில் நடுப்பகுதி வரை செருகவேண்டும். எலும்பைத் தொட்டால் தவறான அளவு காட்டும். எடுத்தபின்னும் உள்வெப்பம் இரண்டு மூன்று பாகை ஏறும் என்பதால் 63 வேண்டுமாயின் 61-இல் எடுத்து, ஏறுவதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, மேலும் மூன்று நிமிடம் தட்டில் வைத்திருங்கள். எடுத்தவுடன் வெட்டினால் சாறு தட்டில் ஓடிவிடும். மூடியும் வைக்கவேண்டாம், ஆவி தங்கி மேற்புறம் நைந்துவிடும்.

கறி விற்பவர்கள் முதுகுத் துண்டங்களைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, கனம், உப்பு அளவு, உள்வெப்பம் ஆகிய மூன்றையும் ஒரு சிறு சீட்டில் எழுதி உள்ளே வைத்துக் கொடுங்கள். சீட்டில் வெட்டிய தேதியும் இருக்கட்டும்.