வன்பொருள் பொறியாளர் ஊதியம்: இடமும் பட்டறிவும்

ஒரு தொழிலுக்குரிய ஊதியம் எவ்வளவு என வினவுவோர்க்கு ஒற்றை எண்ணை விடையாகக் கூறிவிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. "அமெரிக்காவில் கணினிப் பொறியாளருக்கு ஆண்டுக்கு இத்தனை இலட்சம் டாலராம்" என்று யாரோ சொல்லக் கேட்டு, அதனை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து, பிள்ளைகளின் படிப்பை முடிவு செய்யும் பெற்றோர் உளர். வீட்டை ஈடு வைத்துக் கடன் பெற்று மேற்படிப்புக்கு அனுப்புவோரும் உளர். ஒரு குடும்பத்தின் எதிர்காலமே இவ்வெண்ணின் மீது அமைக்கப்படுவதால், அதனைப் படிக்கும் முறையை அறிந்துகொள்வது கடமையாகிறது. கணினி வன்பொருள் பொறியாளரின் ஊதியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யார் வன்பொருள் பொறியாளர்?

நம் ஊர்க் கடைத்தெருக்களில் கணினியின் உறுப்புகளைப் பொருத்திக் கொடுப்பவரையும், பழுது பார்ப்பவரையும் 'ஹார்டுவேர் இன்ஜினியர்' என்றே அழைக்கிறோம். அப்பணி மதிப்பிற்குரியதே. ஆயினும், அமெரிக்க அரசின் புள்ளிவிவரங்களில் அது வேறு பிரிவின் கீழ் வருகிறது. அதன் ஊதியமும் மிகக் குறைவு. அங்கே வன்பொருள் பொறியாளர் எனப்படுபவர், நுண்செயலி, நினைவகம், மின்சுற்றுப் பலகை ஆகியவற்றை வடிவமைத்து, சோதித்து, உற்பத்திக்கு ஆயத்தம் செய்பவர். குறைந்தது இளநிலைப் பொறியியல் பட்டம் அதற்குப் பொதுவாக எதிர்பார்க்கப்படுகிறது. பெயர் ஒன்றாக இருத்தல் பற்றிப் பணியும் ஒன்றே எனக் கருதுவது முதற்பிழையாகும்.

நடுநிலை ஊதியம்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் ஒவ்வொரு தொழிலுக்கும் 'நடுநிலை ஊதியம்' ஒன்றைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. அத்தொழிலில் உள்ளோர் அனைவரையும் ஊதிய ஏறுவரிசையில் நிறுத்தினால், சரிபாதியில் நிற்பவர் பெறும் தொகையே அது. வன்பொருள் பொறியாளரின் நடுநிலை ஊதியம் 2010 மே மாதத்தில் 98,810 டாலர். 2016 மே மாதத்தில் 1,15,080 டாலர். 2024 மே மாதத்தில் 1,55,020 டாலர்.

இவ்வெண்ணில் இரண்டு செய்திகள் மறைந்துள்ளன. முதலாவது, அத்தொழிலில் இருப்போருள் பாதிப்பேர் இதனினும் குறைவாகவே பெறுகின்றனர். புதிதாகப் பட்டம் பெற்று வருபவர் பெரும்பாலும் அப்பாதியில்தான் இடம் பெறுவார். இரண்டாவது, நிறுவனங்கள் ஊழியர்க்கு வழங்கும் பங்குகளும் ஆண்டிறுதி ஊக்கத்தொகையும் இக்கணக்கில் சேர்வதில்லை. பெரிய நிறுவனங்களில் மூத்த பொறியாளர் பெறும் மொத்த வருவாயில் பங்குகள் கணிசமான பகுதியாக இருப்பதுண்டு. ஆகவே, கீழ்ப்படியில் நிற்போர்க்கு இவ்வெண் மிகையாகவும், மேற்படியில் நிற்போர்க்குக் குறைவாகவும் தோன்றும்.

இடத்தால் வரும் வேறுபாடு

கலிபோர்னியா மாநிலத்தின் சான்ஹோசே, சன்னிவேல், சாண்டா கிளாரா ஆகிய நகரங்களை உள்ளடக்கிய பகுதியே சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவம். இத்தொழிலில் மிக உயர்ந்த ஊதியம் வழங்கப்படும் பகுதிகளுள் அது ஒன்று. இதற்குக் காரணம் அங்குள்ள நிறுவனங்களின் செல்வம் மட்டுமன்று. 1957-இல் ஃபேர்சைல்டு நிறுவனம் அங்கே தோன்றியது. அதிலிருந்து வெளியேறிய ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968-இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினர். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்த நிறுவனங்கள் ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே அமைந்தன.

ஒரு நிறுவனத்தை விட்டு விலகும் ஊழியர், போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது எனத் தடுக்கும் ஒப்பந்தங்கள் பல மாநிலங்களில் செல்லுபடியாகும். கலிபோர்னியாவிலோ 1872 முதலே சட்டம் அத்தகைய ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. வீடு மாறாமலே வேலை மாற இயலும் என்னும்போது, திறமையாளரை இழக்க விரும்பாத நிறுவனம் ஊதியத்தை உயர்த்தியே ஆகவேண்டும். இடத்தின் உயர்வு ஊதியத்தின் உயர்வாக மாறும் வழி இதுவே.

ஆனால், கொடுக்கும் கையே எடுக்கவும் செய்கிறது. 2024-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் சான்ஹோசே பகுதியில் விற்பனையான தனி வீட்டின் நடுநிலை விலை 20 இலட்சம் டாலரைக் கடந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பகுதியிலும் பெரிய சில்லு நிறுவனங்கள் பல உள்ளன. எனினும் அங்கே வீட்டு விலை சான்ஹோசே விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும், டெக்சாஸ் மாநிலம் ஊதியத்தின் மீது வருமான வரி விதிப்பதில்லை, கலிபோர்னியா விதிக்கிறது.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். மணமாகாத ஒருவருக்குச் சான்ஹோசேயில் 1,60,000 டாலரும் ஆஸ்டினில் 1,30,000 டாலரும் தருவதாக இரு நிறுவனங்கள் முன்வருகின்றன என்று கொள்வோம். வேறுபாடு 30,000 டாலர். 2024-ஆம் ஆண்டின் வரி விகிதப்படி, இக்கூடுதல் தொகைக்கு நடுவண் அரசின் வருமான வரி ஏறத்தாழ 7,000 டாலர். சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு வரிகள் 2,300 டாலர் அளவில். கலிபோர்னிய மாநில வரி 10,000 டாலருக்கு மேல். எஞ்சுவது ஏறத்தாழ 10,000 டாலரே. மாத வாடகையில் ஆயிரம் டாலர் வேறுபாடு இருப்பின் அதுவும் கரைந்து, மேலும் கையிருப்பிலிருந்து செலவிட நேரும். பெரிய எண் எப்போதும் பெரிய சேமிப்பு ஆவதில்லை.

இதனால் சிலிக்கான் பள்ளத்தாக்கை ஒதுக்க வேண்டும் என்பது பொருளன்று. பல நிறுவனங்களும் பல வல்லுநர்களும் ஒருங்கே உள்ள இடம் இளம் பொறியாளருக்கு ஒரு கல்விக்கூடம். அங்கே சில ஆண்டுகளில் பெறும் பயிற்சி, பின்னர் எங்குச் சென்றாலும் பயன் தரும். சேமிப்பதற்கு ஏற்ற இடமும் கற்பதற்கு ஏற்ற இடமும் வெவ்வேறாக இருக்கலாம் என்பதை உணர்ந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பட்டறிவின் விலை

மென்பொருளில் பிழை நேரின், திருத்திய வடிவத்தை மறுநாளே அனுப்பிவிட முடியும். சில்லில் செதுக்கப்பட்ட பிழையை அவ்வாறு திருத்த இயலாது. வடிவமைப்பை ஆலைக்கு ஒப்படைத்தபின் சில்லு கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அதற்கான அச்சுத் தகடுகளுக்கே, முன்னணித் தொழில்நுட்பத்தில், பல பத்து இலட்சம் டாலர்கள் செலவாகும்.

1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி, சில வகுத்தல் கணக்குகளில் தவறான விடை தருவதைத் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் கண்டறிந்து வெளிப்படுத்தினார். செயலியினுள் பதிக்கப்பட்ட ஓர் அட்டவணையில் சில இடங்கள் நிரப்பப்படாமல் விடுபட்டமையே காரணம். கேட்போர் அனைவர்க்கும் செயலியை மாற்றித் தர இன்டெல் முன்வந்தது, அதன்பொருட்டு 47.5 கோடி டாலரை இழப்பாகக் கணக்கில் எழுதியது.

இத்தகைய பிழையை ஒப்படைப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கும் கண்ணுக்கே நிறுவனங்கள் விலை தருகின்றன. புதிதாகச் சேர்பவர் பெரும்பாலும் பிறர் வடிவமைத்த பகுதியைச் சரிபார்ப்பார். சில ஆண்டுகளுக்குப் பின் சில்லின் ஒரு பகுதி அவர் பொறுப்பில் விடப்படும். பல சில்லுகளைத் தொடக்கம் முதல் உற்பத்தி வரை கண்டவரிடமே முழுமையின் கட்டமைப்பு ஒப்படைக்கப்படும். ஊதியம் இப்பொறுப்பின் படிகளைத் தொடர்ந்தே ஏறுகிறது. வெறும் ஆண்டுகள் கழிவதால் மட்டும் அது உயர்வதில்லை. பத்தாண்டுகள் ஒரே சோதனையைச் செய்து வந்தவரைவிட, ஐந்தாண்டுகளில் மூன்று சில்லுகளை உற்பத்திக்குக் கொண்டுசென்றவர் உயர்ந்த மதிப்பைப் பெறக்கூடும்.

சட்டம் வகுத்த நான்கு படிகள்

இடம், பட்டறிவு என்னும் இவ்விரண்டையும் அமெரிக்கச் சட்டமே ஓர் அட்டவணையில் இணைத்திருக்கிறது. நம் மாணவர் பலர் நாடிச் செல்லும் எச்-1பி விசாவின் கீழ் ஒருவரைப் பணியமர்த்தும் நிறுவனம், அப்பகுதியில் அத்தொழிலுக்கு நிலவும் ஊதியம், தன்னிடம் அதே பணியைச் செய்யும் அதே தகுதியுடையோர்க்கு வழங்கும் ஊதியம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதனைத் தரவேண்டும். நிலவும் ஊதியம் ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு படிகளாக வகுக்கப்படுகிறது. முதற்படி தொடக்க நிலையினர்க்கு. நான்காம் படி முழுத் தேர்ச்சி பெற்றோர்க்கு.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. படியை முடிவு செய்வது, ஊழியரின் தகுதியன்று. அந்தப் பணிக்கு நிறுவனம் குறித்துள்ள தேவையே ஆகும். பத்தாண்டுப் பட்டறிவு உடையவரும் முதற்படிப் பணியில் அமர்த்தப்படலாம். நிறுவனம் அளிக்கும் விண்ணப்பத்தில் பணியிடம், படி, ஊதியம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அதன் படியொன்றைப் பெறும் உரிமை ஊழியர்க்கு உண்டு. நிறுவனத்திடம் வேலை இல்லாத நாட்களில் ஊதியம் தராது காத்திருக்கச் செய்வதும் சட்டப்படி குற்றமே. இவற்றை அறியாது சென்று, இடைத்தரகு நிறுவனங்களிடம் பாதி ஊதியத்திற்கு உழைப்போரும் இருக்கின்றனர். கூலியை முன்னரே பேசித் தெளிவாக்குவதும், காலம் தாழ்த்தாது வழங்குவதும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வலியுறுத்திய அறம். அவ்வறத்தைக் கேட்டுப் பெறுவதில் நாணம் கொள்ள வேண்டியதில்லை.

நிறைவாக

கடல் கடந்து செல்வதொன்றே வழி என்பதும் இல்லை. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கியது முதல், இத்தொழில் நம் அருகிலும் வளர்ந்து வந்துள்ளது. எங்குச் செல்லினும், ஊதியம் பற்றி ஒருவர் கூறும் எண்ணைக் கேட்டவுடன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: எந்தப் பணிக்கு? எந்த ஊரில்? எத்தனை ஆண்டுப் பட்டறிவுக்கு? வரியும் வாடகையும் போக எஞ்சுவது எவ்வளவு? இந்நான்கிற்கும் விடை கிடைக்கும் முன் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுதல் ஆகாது.

மத்யன் நகரில் மூஸா நபி (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த நங்கை, அவர்களிடம் கண்ட தகுதிகளாக வலிமையையும் நம்பகத்தையும் சுட்டியதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. சில்லு வடிக்கும் இக்காலத் தொழிலிலும் ஊதியத்தை உயர்த்துவன அவ்விரண்டே. கல்லூரி தரும் கல்வி வலிமையைத் தொடங்கி வைக்கும். பொறுப்பேற்றுச் செய்த பணிகள் நம்பகத்தை வளர்க்கும். அவ்விரண்டையும் நம் மாணவச் செல்வங்கள் நிறையப் பெற வல்ல இறைவன் அருள்புரிவானாக!