புயல் கூண்டும் இருபது கேள்விகளும்

அடுக்களைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. சிலிண்டர் மாற்றிய தேதிக்கு ஒரு வட்டம். மாதக் கடைசியில் பால்காரர் கணக்குக் கேட்டு நிற்கும்போது நாம் நம் ஞாபகத்தை நம்புவதில்லை, காலண்டரைத்தான் நம்புகிறோம். இதே காலண்டரை உயிர் காக்கும் கருவியாக மாற்றினார் ஓர் அமெரிக்கச் செவிலியர். அவர் பெயர் ஜாக்குலின் கேம்பல்.

அவர் 1985இல் உருவாக்கிய முறைக்கு ‘ஆபத்து மதிப்பீடு’ என்று பெயர். கணவனிடமோ காதலனிடமோ அடிபடும் ஒரு பெண், அவன் கையாலேயே கொல்லப்படும் நிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதை அது அளக்கிறது. காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருப்பதுபோல, வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தை அளக்க ஒரு காலண்டரும் இருபது கேள்விகளும். மின்சாரம் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம். ஒரு தாள், ஒரு பேனா, கதவைச் சாத்திக்கொண்டு பேச ஓர் அறை போதும்.

முதலில் காலண்டர். செவிலியரோ ஆலோசகரோ கடந்த ஓராண்டின் காலண்டரை அந்தப் பெண்ணின் முன் விரித்து வைப்பார். அடி விழுந்த நாள்களை அவரே குறிக்க வேண்டும். தேதி எப்படி ஞாபகம் வரும் என்கிறீர்களா? பிள்ளையின் பிறந்தநாள், பண்டிகை, பள்ளி திறந்த வாரம் என்று ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு போனால் நாள்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். குறித்த நாளுக்குப் பக்கத்தில் 1 முதல் 5 வரை ஓர் எண் எழுத வேண்டும். அறைந்தான், தள்ளினான், காயம் இல்லை என்றால் 1. குத்து, உதை, கன்றிப்போன தோல் என்றால் 2. எலும்பு முறிவும் தீக்காயமும் 3. ஆயுதத்தைக் காட்டி மிரட்டியிருந்தால் 4. ஆயுதத்தைப் பயன்படுத்தியே விட்டான் என்றால் 5.

இங்கேதான் வியப்பு. இந்தக் கருவி உருவான தொடக்க காலத்தில், ‘அடி முன்பைவிடக் கூடவில்லை’ என்று முதலில் சொன்ன பெண்களில் 38 விழுக்காட்டினர், காலண்டரை நிரப்பி முடித்ததும் ‘இல்லை, கூடியிருக்கிறது’ என்று பதிலை மாற்றிக்கொண்டார்கள். யாரும் அவர்களுக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை. அவர்களே எழுதிய எண்கள்தான் சொல்லின. கூடவே இருக்கும் தாய்க்குக் குழந்தை வளர்வது கண்ணில் படாது, ஆறு மாதம் கழித்து வரும் அத்தை வாசலிலேயே கண்டுகொள்வாள். அந்த அத்தையின் கண்ணைத்தான் காலண்டர் அந்தப் பெண்ணுக்குத் தருகிறது. ஜனவரியில் இரண்டு ‘1’, ஜூனில் நான்கு ‘2’, அக்டோபரில் ஒரு ‘4’ என்று ஒரு பக்கம் நிரம்பினால், அதைப் படிக்கப் பட்டம் எதுவும் தேவையில்லை.

கேம்பல் 1970களில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் பள்ளிச் செவிலியராக இருந்தவர். அவர் நன்கு அறிந்த ஓர் இளம்பெண்ணைக் காதலனே கொன்றான். பிறகு மேற்படிப்பின்போது, கொல்லப்பட்ட பெண்களின் போலீஸ் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார். ‘திடீரென்று நடந்துவிட்டது’ என்று ஊர் சொன்ன கொலைகள் பலவற்றில் எதுவும் திடீரென்று நடந்திருக்கவில்லை. போலீஸ் அந்த வீட்டு வாசலுக்கு முன்பே வந்துபோயிருந்தது. மிரட்டல் இருந்தது. கழுத்தில் கை வைத்த நாள் இருந்தது. தடயங்கள் முன்பிருந்தே கிடந்தன. அவற்றைக் கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

கூட்டிப் பார்ப்பது எப்படி? கொல்லப்பட்டவரிடம் கேள்வி கேட்க முடியாதே. கேம்பலும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 11 நகரங்களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். துணைவனால் கொல்லப்பட்ட 220 பெண்களின் வாழ்க்கையை அவர்களின் தாய், அக்கா, தங்கை, தோழி ஆகியோரிடம் கேட்டுத் தொகுத்தார்கள். அதே நகரங்களில் அடிபட்டும் உயிரோடு இருந்த 343 பெண்களிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். இதை ‘ஒப்பீட்டு ஆய்வு’ என்பார்கள். ஒரே கல்யாணத்தில் சாப்பிட்டவர்களில் யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருக்கு இல்லை, இரு சாராரின் இலையிலும் என்ன வித்தியாசம் என்று தேடுவோமே, அதே தர்க்கம்தான். 2003இல் முடிவுகள் வெளியாயின. அவனிடம் துப்பாக்கி இருந்தால் அபாயம் 5 மடங்கு. பின்னணி விவரங்களை ஒப்பிட்டபோது மிக வலுவாகத் தெரிந்தது அவனுடைய வேலையின்மை. வீட்டில் அவனுக்குப் பிறக்காத குழந்தை இருந்தால் அபாயம் இரு மடங்குக்கும் மேல். இன்னொன்று யாரும் எதிர்பாராதது. குடும்ப வன்முறைக்காக அவன் முன்பு கைதாகியிருந்தால் அபாயம் குறைந்தது. ‘போலீசுக்குப் போனால் இன்னும் மோசமாகும்’ என்ற பேச்சை எத்தனை முறை கேட்டிருப்போம்.

இவற்றையெல்லாம் வடிகட்டி எடுத்தவைதான் இன்றைய இருபது கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை. துப்பாக்கிக்குக் கூடுதலாக 4 புள்ளி. பிரிந்து வந்திருந்தாலோ, அவனுக்கு வேலை இல்லாவிட்டாலோ கூடுதலாக 3. கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தால் 2. பொறாமை, வேவு பார்த்தல், கர்ப்பத்தின்போது அடித்தது, யாரைப் பார்க்கலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று அன்றாடத்தையே கட்டுப்படுத்துவது, அவன் தற்கொலை செய்துகொள்வதாக மிரட்டியது ஆகியவையும் பட்டியலில் உண்டு. இருபதாவது கேள்வி தனி ரகம்: ‘நீங்கள் தற்கொலைக்கு முயன்றதுண்டா?’ இதற்குப் புள்ளியே கிடையாது. கணக்குக்காக அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்காகக் கேட்கப்படும் கேள்வி அது. இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த வரியும் அதுதான்.

பத்தாவது கேள்வி கழுத்தை நெரித்ததைப் பற்றியது. அதைக் கேட்காமல் விட்டதால் எத்தனை உயிர்கள் போயினவோ. சான் டியேகோ நகரில் அரசு வழக்குரைஞர்கள், கழுத்து நெரிக்கப்பட்டு உயிர் பிழைத்த 300 பெண்களின் கோப்புகளைப் புரட்டினார்கள். பாதிப் பேரின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் காயமே இல்லை. படம் எடுக்கும் அளவுக்குத் தடம் இருந்தது 15 விழுக்காட்டில் மட்டும். காரணம் உடற்கூற்றில் இருக்கிறது. மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் கழுத்தில் தோலுக்கு அருகே ஓடுகின்றன. ஒருவரோடு கை குலுக்கும் அழுத்தத்தைவிடக் குறைவானதே அவற்றை அடைக்கப் போதும். அதனால் வெளியே தடம் விழாமலே உள்ளே சேதம் நடக்கலாம். சில நேரம் கண்ணிமைக்குள் கடுகளவு சிவப்புப் புள்ளிகள் தெரியும். இவை ‘நுண்குருதிப் புள்ளிகள்’, அழுத்தம் தாங்காமல் வெடித்த மயிரிழைக் குழாய்கள். குரல் கம்மிப்போவதும், விழுங்கும்போது வலிப்பதும் அதே கதையைச் சொல்பவை. அறிகுறிகள் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தாமதித்தும் வரலாம் என்பதால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். ஒருமுறை கழுத்தை நெரித்தவன் பின்னாளில் கொலையே செய்யும் அபாயம் 7 மடங்குக்கு மேல் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. ‘லேசாகக் கழுத்தைப் பிடித்தான், வேறொன்றும் இல்லை’ என்று ஒரு பெண் சொன்னால், அங்கே பேச்சை நிறுத்தி உட்கார்ந்து கேளுங்கள்.

‘இவ்வளவு அடிபட்டுக்கொண்டு ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள்?’ ஊர் வாயில் நிற்கும் இந்தக் கேள்விக்கும் 11 நகர ஆய்வு விடை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருக்கும் ஒருவனை விட்டு, சேர்ந்து வாழ்ந்தபின் பிரிந்து வந்தால், கொலை அபாயம் 9 மடங்கு. பிடி நழுவும் நேரம்தான் அவனுக்கு வெறி ஏறும் நேரம். ஆகவே அவர் தயங்குவது கோழைத்தனம் அல்ல, பல நேரம் சரியான கணக்கு. பிரியக் கூடாது என்பதல்ல இதன் பொருள். எப்போது, எப்படி, யார் துணையோடு என்பதைத் திட்டமிட்டுப் பிரிய வேண்டும்.

அப்படியானால் அந்தப் பெண்ணுக்கே எல்லாம் தெரியுமா? பாதிதான். ‘அவன் உங்களைக் கொல்லக்கூடியவன் என்று நினைக்கிறீர்களா?’ என்பது பதினெட்டாவது கேள்வி. ஆம் என்று ஒரு பெண் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டும். இல்லை என்றாலோ, அதை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. கொல்லப்பட்ட பெண்களில் பாதிப் பேர் அளவில், தங்களுக்கு இருந்த அபாயத்தின் அளவை உணர்ந்திருக்கவில்லை என்று கேம்பல் குழு கண்டது. காலண்டரும் கேள்விகளும் தேவைப்படுவது இந்த இடைவெளிக்காகத்தான்.

மருத்துவமனைக்கே வராத பெண்களை எப்படி அடைவது? மேரிலாந்து மாநிலம் 2005இல் கேள்விகளை 11 ஆகச் சுருக்கி, போலீஸ்காரரின் சட்டைப் பைக்குள் வைத்தது. சண்டை என்று அழைப்பு வந்த வீட்டு வாசலிலேயே அவர் கேட்பார். அபாயம் தெரிந்தால் அங்கேயே உதவி மையத்துக்குப் போன் போட்டு, போனை அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பார். ‘நாளை வந்து பாருங்கள்’ என்ற அட்டைக்கும், காதருகே பேசும் ஒரு குரலுக்கும் எவ்வளவு தூரம்! ஒக்லஹோமாவில் இதைச் சோதித்தபோது, போன் கையில் தரப்பட்ட பெண்கள் கூடுதலான பாதுகாப்பு வழிகளைக் கையாண்டதும், அவர்கள்மீதான வன்முறையின் கடுமையும் எண்ணிக்கையும் குறைந்ததும் தெரிந்தன.

மாசசூசெட்ஸில் அமெஸ்பரி, நியூபெரிபோர்ட் பகுதியினர் அதே 2005இல் இன்னொரு படி ஏறினார்கள். போலீஸ், அரசு வழக்குரைஞர், மருத்துவமனை, காப்பகம் என்று எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அதிக மதிப்பெண் வந்த வழக்குகளை மட்டும் மாதந்தோறும் பார்த்தார்கள். அந்தப் பெண் தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஒளிவதற்குப் பதில், அவன் நடமாட்டத்துக்குத்தான் வேலி. தேவைப்பட்டால் அவன் காலில் இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். பட்டை. குழு தொடங்கியபின் பல ஆண்டுகள் அந்தப் பகுதியில் இத்தகைய கொலை ஒன்றுகூட நிகழவில்லை.

இந்தக் கருவி ஜோசியம் சொல்வதில்லை. கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் துறைமுகத்தில் 1 முதல் 11 வரை புயல் கூண்டு ஏற்றுவார்கள் அல்லவா? கூண்டு ஏறியதெல்லாம் கரையை உடைப்பதில்லை. ஆனாலும் படகைக் கரையேற்றி வைப்போம். ஆபத்து மதிப்பீட்டிலும் நான்கு கூண்டுகள் உண்டு: 18 புள்ளியும் அதற்கு மேலும் உச்ச ஆபத்து, 14 முதல் 17 வரை கடும் ஆபத்து, 8 முதல் 13 வரை கூடிய ஆபத்து. எட்டுக்குக் கீழே? ‘ஆபத்து இல்லை’ என்று எழுதியிருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ‘மாறக்கூடிய ஆபத்து’ என்றுதான் இருக்கிறது. இன்று அமைதியான கடல் நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று எந்த மீனவரும் சொல்ல மாட்டார்.

அமெரிக்கப் புள்ளிகளை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. நம் வீடுகளில் துப்பாக்கி அரிது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும், புகுந்த வீட்டாரின் கையும் அந்தத் தாளில் இல்லை. நமக்கான எடைகளை நாமே அளந்து கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் காலண்டர் எந்த ஊருக்கும் பொருந்தும். ஒரே ஓர் எச்சரிக்கை: அவன் கண்ணில் படும் சுவரில் அது தொங்கக் கூடாது. அம்மா வீட்டிலோ, தோழியிடமோ, ஆலோசகரிடமோ இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் 181 என்ற மகளிர் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர்தான் வர வேண்டும் என்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர், அக்கா, டீச்சர் என யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் எந்த வழக்கும் தொடர முடியாது என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு உறுதி தருகிறது. சுவருக்கு அப்பால் கேட்கும் சத்தத்தை நீங்கள் எத்தனை நாளாகக் கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் போனை எடுங்கள்.