சங்கமும் தனி மனிதனும்

கூட்டுறவுச் சங்கங்களின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொற்றொடர் கண்ணிற்படும்: "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது." படிப்பதற்கு இனிய சொற்றொடர்தான். ஆயினும் அந்த ஏகமனம், பல மனங்கள் ஆராய்ந்து ஒன்றுபட்டதனால் வந்ததா, அன்றி ஒருவர் பேச ஏனையோர் வாய் மூடியிருந்ததனால் வந்ததா என்பதைப் புத்தகம் கூறாது. பலர் கூடிய அமைப்பில் தனி மனிதனுக்குரிய இடம் யாது என்னும் வினா இங்கேதான் எழுகிறது.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தனித்தன்மை வேறு, தன்னலம் வேறு, ஒதுங்கியிருத்தல் வேறு. சங்கத்தின் நூலைப் பெற்று நெய்த துணியை, சற்றே மிகுதியாகக் கிடைக்கிறதென்று வெளி வியாபாரியிடம் விற்றுவிடுவது தன்னலம். "நமக்கேன் வம்பு" என்று பொதுக்குழுவுக்கு வராதிருப்பது ஒதுங்கியிருத்தல். தாம் கண்டதைத் தம் அறிவால் எண்ணிப் பார்த்து, பலர் நடுவே எடுத்துரைத்து, அதற்குப் பொறுப்பும் ஏற்பதே தனித்தன்மை. முன்னிரண்டும் சங்கத்தைக் கரைக்கும். பின்னது அதனைக் காக்கும்.

நாம் வாழும் இந்த நெய்வேலியின் தோற்றமே இதற்குச் சான்று. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபோது கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அதனை வெறுஞ் சேறென்று தள்ளிவிடாமல் அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார் அவர். கண்டு கூறியவர் ஒருவர். வெட்டியெடுப்பதோ ஒருவரால் ஆகும் செயலன்று. 1956இல் நெய்வேலி லிக்னைட் நிறுவனம் அமைந்தது. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். மேலே கிடந்த மண்ணை அகற்றிப் பழுப்பு நிலக்கரியை அடைய 1961ஆம் ஆண்டாயிற்று. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாது இறைத்தாக வேண்டும். இல்லையேல் அது சுரங்கத்தின் தரையையே பிளந்து மேலெழும். ஒரு பம்பு எத்துணை வலியதாயினும் அவ்வழுத்தம் தணியாது. ஆங்காங்கே அமைந்த பல கிணறுகள் ஒருங்கே இறைத்தால்தான் தணியும். காண்பதும் கூறுவதும் ஒருவரால் இயலும். செய்து முடித்தல் பலர் கூடினால்தான் இயலும்.

சுற்றுப்புறச் சிற்றூர்களில் குடும்பங்கள் பல இப்பணிக்காகத் தம் நிலத்தையும் வீட்டையும் விட்டு அகன்றன என்பதையும் மறத்தல் ஆகாது. பொதுக் காரியத்தின் விலையைத் தனித்தனிக் குடும்பங்களே கொடுக்கின்றன. ஆதலின் அவர்தம் குரலுக்குச் செவி சாய்த்தல் எந்தப் பொது அமைப்புக்கும் கடமையாகும்.

கூட்டுறவு இயக்கமும் இவ்வடிப்படையில் எழுந்ததே. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து ஒரு கடையைத் திறந்தனர். பங்கு எத்தனை வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்னும் நெறி அவர்கள் வழியாக உலகெங்கும் பரவியது. கம்பெனியில் பங்கு வாக்களிக்கிறது. சங்கத்தில் மனிதர் வாக்களிக்கிறார். நம் நாட்டில் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பே பொது விதியாயிருந்தது. ஒருவர் கடனைத் திருப்பாவிடில் அனைவரும் தாங்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் அங்கத்தினரின் நாணயமும் உழைப்பும் ஏனையோருக்குத் தெரிந்திருக்க வேண்டியதாயிற்று. தனி மனிதரை அறியாத கூட்டம் அன்று சங்கமாகவே இயங்கியிருக்க முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேளாண்மைக் கடன் சங்கத்தை நாம் ஆய்வு செய்தோம். உர இருப்புப் பதிவேட்டில் மூட்டைகள் இருந்தன. கிடங்கில் இல்லை. மணிலா விதைப்புக் காலம் அது. அங்கத்தினர்கள் வெளிக்கடையில் கூடுதல் விலை கொடுத்து உரம் வாங்கிக் கொண்டிருந்தனர். விசாரணையின்போது வயது முதிர்ந்த ஓர் அங்கத்தினர், "ஐயா, இதைப் போன வருஷமே பொதுக்குழுவில் கேட்டேன். 'உட்காரும் பெரியவரே, நேரமாகிறது' என்று சொல்லிவிட்டார்கள்" என்றார். தீர்மானப் புத்தகத்தைத் திறந்தோம். அவர் வினா அதில் இல்லை. "ஏகமனதாக" என்னும் சொல் இருந்தது. அதன் கீழே, பார்வையிட்டதற்கு அடையாளமாக, நமது கையொப்பமும் இருந்தது. அம்முதியவர் முன் நாம் தலைகுனிந்தோம். அவருக்கிருந்த ஐயம் பலருக்கும் இருந்ததாம். எனினும் அன்று அவருடன் எழுந்து நின்றவர் எவருமில்லை.

அன்று முதல் எந்தச் சங்கத்திற்குச் சென்றாலும், பொதுக்குழுவில் யார் என்ன கேட்டார்கள் என்பதை அங்கத்தினர்களிடமே நேரில் விசாரிப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

தனி மனிதனுக்குக் கடமையும் உண்டு. கூட்டத்தில் வாய் திறவாமல் இருந்துவிட்டுப் பின்னர் மொட்டைக் கடிதம் எழுதுவோர் உளர். பெயரை மறைத்தவரிடம் தனித்தன்மை ஏது? மற்றும் சிலர், தம் கருத்து தோற்றுவிட்டால் சங்கத்தையே பகைத்து நிற்பர். அதுவும் முறையன்று. வாக்கெடுப்பு வரை வாதாடுவது உரிமை. வாக்கெடுப்பு முடிந்தபின் பெரும்பான்மையின் முடிவுக்கு இணங்கி உழைப்பது கடமை.

ஆகவே அங்கத்தினர்கள் பொதுக்குழு அறிவிப்பைப் படித்து, வரவு செலவு அறிக்கையைக் கேட்டுப் பெற்று, ஐயமிருப்பின் எழுந்து கேட்க வேண்டுகிறோம். மாறுபட்ட கருத்திருப்பின் அதனைப் பெயருடன் பதிவு செய்யுமாறு கோருங்கள். தலைவரும் செயலாளரும் அவ்வாறு பதிவு செய்வதை அவமதிப்பாக எண்ணலாகாது. அது சங்கத்திற்குக் காவல். அருகில் ஒருவர் தனித்து எழுந்து நின்றால், அவர் கருத்து நமக்கு உடன்பாடில்லை எனினும், "அவர் பேசட்டும்" என்று சொல்லும் துணிவாவது நமக்கு வேண்டும். அவ்வாறு கேட்டபின் வரும் ஏகமனமே உண்மையான ஏகமனம்.