பாகப்பிரிவினையில் பூச்சியமும் ஒன்றும்

கணக்கு என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகள் பலர். ஆயினும், கணக்கின் இரு எளிய விதிகளை அறியாததால் உரிமை இழந்து நிற்கும் தாய்மாரும் சகோதரிகளும் நம்மிடையே உண்டு என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

எந்த எண்ணோடு பூச்சியத்தைக் கூட்டினாலும் அவ்வெண் மாறுவதில்லை. எந்த எண்ணை ஒன்றால் பெருக்கினாலும் அது மாறுவதில்லை. ஆகவே பூச்சியத்தைக் கூட்டல் சமனி என்றும், ஒன்றைப் பெருக்கல் சமனி என்றும் அழைப்பர். கூட்டிப் பூச்சியமாக்குவது கூட்டல் நேர்மாறு. பெருக்கி ஒன்றாக்குவது பெருக்கல் நேர்மாறு. கையிருப்பு 5,000 ரூபாய், கடன் 5,000 ரூபாய் என்றால் மிஞ்சுவது பூச்சியம். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இவ்விதிகளைச் செல்வம், கடன் என்னும் சொற்களாலேயே விளக்கினார்.

அப்பாசிய கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல் குவாரிஸ்மி, 'அல் ஜப்ர்' என்னும் சொல்லைத் தம் நூற்பெயரில் வைத்தார். குறைந்ததை நிறைவு செய்தல் என்பது அதன் பொருள். ஒரு தொகையில் 3 குறைய 7 எனில், இருபுறமும் 3 கூட்ட, அத்தொகை 10 எனத் தெளிவாகும். 'அல்ஜீப்ரா' என உலகம் வழங்குவது இச்சொல்லையே. அந்நூலின் ஏறத்தாழப் பாதி வஸிய்யத்து, வாரிசுரிமைக் கணக்குகளைப் பற்றியது என்பது நாம் பெருமையோடு அறிய வேண்டிய செய்தி.

நம் நாஞ்சில் நாட்டு வழக்கிலேயே ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவர் 24 சென்ட் தென்னந்தோப்பை விட்டு மரணிக்கிறார். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின், வாரிசுகள் மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே. மனைவிக்கு எட்டில் ஒன்று; நம் முன்னோர் சொன்ன 'அரைக்கால்'. அது 3 சென்ட். மீதி 21-இல் மகனுக்கு 14, மகளுக்கு 7. இவை திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 11, 12 வசனங்கள் வகுத்த பங்குகள்.

சரிபார்ப்பதும் எளிதே. அரைக்காலின் நேர்மாறு எட்டு. தாயின் 3 சென்டை எட்டால் பெருக்க, முழுத்தோப்பும் திரும்பி வரும். மூவர் பங்கையும் கூட்டினால் 24. அதாவது முழுமையான ஒன்று.

"நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோமே, தோப்பில் அவளுக்கென்ன பங்கு?" என்போர் உண்டு. தந்தை வாழ்நாளில் மனமுவந்து அளித்தது அன்பளிப்பு. அது அவளுடைய வாரிசுப் பங்கின் நேர்மாறு அன்று. அதனைக் கழித்துப் பூச்சியமாக்கிவிடாது. மகளின் ஏழை நீக்கினால் கணக்கில் நிற்பது 17 மட்டுமே. எஞ்சிய 7 சென்ட் எங்கே போயிற்று? பத்திரத்தில் மறைக்கலாம், மறுமையின் கணக்கில் மறைக்க இயலுமா?

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு வாய்பாட்டோடு இதனையும் கற்றுக் கொடுங்கள். தோப்பும் வயலும் பிரிக்கும் நாளில், ஆலிம் ஒருவரை அழைத்து, பெண்களையும் அமர வைத்து, பங்குகளை எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை முழுமையாகும்வரை எவரும் கையொப்பமிட வேண்டாம்.

உரியவருக்கு உரியதை வழங்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.