துணி டயபர் கட்டினால் கால் வளையுமா?

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு எழாமல் இருக்காது. "டயபரைக் கட்டிக் கட்டிப் பிள்ளை காலை அகட்டித்தான் நடக்கப்போகுது, பேசாம துணியைக் கட்டு" என்பார் பாட்டி. துணி டயபர் விற்பவர்களோ, அதைக் கட்டினால் இடுப்பெலும்பு நன்றாக வளரும் என்கிறார்கள். இளம் தாய் யார் சொல்வதைக் கேட்பது?

முதலில் எந்தத் துணியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக வேண்டும். பாட்டி மனதில் இருப்பது பழைய வேட்டித் துணி. துவைத்துத் துவைத்துப் பஞ்சுபோல் ஆன அதைக் கிழித்து, முக்கோணமாக மடித்து இடுப்பில் கட்டுவார்கள். நனைந்தால் உடனே அவிழ்த்துவிடுவார்கள். பாதி நாள் அதுவும் இருக்காது, அரைஞாண் கயிறு மட்டும்தான். இன்று கடையில் துணி டயபர் என்று விற்பது வேறு பொருள். வெளியே நீர் புகாத உறை, உள்ளே உறிஞ்சுவதற்கு இரண்டு மூன்று அடுக்குத் திண்டு, பக்கத்தில் பட்டன். ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் டயபரைவிட இது பெரும்பாலும் பருமனானது. குழந்தையின் அசைவைப் பொறுத்தவரை, தொடைகளுக்கு நடுவே எவ்வளவு பருமன் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது துணியா பிளாஸ்டிக்கா என்பது அதற்கு அடுத்ததுதான்.

அந்தப் பருமன் முதல் சில மாதங்களில் கெடுதல் செய்வதில்லை. பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டில் பெரும்பகுதி குருத்தெலும்பாகவே இருக்கும். தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள குழியின் நடுவில் உட்கார்ந்து அசைய அசையத்தான் அந்தக் குழி ஆழமாகி உருப்பெறுகிறது. முழங்கால் மடங்கி, தொடைகள் இரு பக்கமும் விரிந்து, தவளையைப் போலக் குழந்தை கிடக்கிறதே, அதுதான் அந்த மூட்டுக்கு உகந்த நிலை. கால்களை நீட்டிச் சேர்த்துக் கட்டினால் உருண்டை குழியின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது.

ஜப்பானில் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். பச்சிளங்குழந்தையின் கால்களை நீட்டி வைத்து இறுக்கமாகக் கட்டும் வழக்கம் அங்கே இருந்தது. இடுப்பு மூட்டு விலகும் குழந்தைகள் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் இருந்தார்கள். கால்களை மடக்கி அசைக்க இடம் விட்டுக் கட்டுங்கள் என்று 1970களில் நாடு முழுக்கத் தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அதன்பின் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கு இரண்டு அளவுக்கு இறங்கியது. மருந்தில்லை, அறுவை சிகிச்சை இல்லை, கட்டும் விதம் மட்டும்தான் மாறியது.

நம் ஊருக்கும் இதில் செய்தி உண்டு. இடுப்பில் கால்களை விரித்து வைத்துப் பிள்ளையைத் தூக்கும் வழக்கம் மூட்டுக்கு நல்லது. கழுத்து நின்ற பிள்ளையைத் தயங்காமல் அப்படித் தூக்கலாம். துண்டில் சுற்றும்போது மேலுடம்பைச் சுற்றிக் கால்களைத் தளர விடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறவர்கள் காலைப் பிடித்து நேராக இழுத்து நீவுவார்கள். அது மட்டும் வேண்டாம் என்று பணிவாகவே சொல்லிவிடுங்கள்.

ஆனால், பருமனான துணி டயபர் இடுப்பு மூட்டுக் கோளாறைக் குணப்படுத்தும் என்பது தவறு. ஒரு காலத்தில் மருத்துவர்களே இரண்டு மூன்று நாப்கின்களைச் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். அதனால் பலன் இல்லை என்று தெரிந்து அந்த வழக்கம் கைவிடப்பட்டது. உண்மையிலேயே மூட்டு விலகியிருந்தால் அதற்கென்றே பட்டைகள் கொண்ட கவசம் இருக்கிறது. செக் நாட்டு மருத்துவர் அர்னால்ட் பாவ்லிக் உருவாக்கியது. முதல் சில மாதங்களிலேயே போட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூட்டு சரியாகிவிடும். தாமதித்தால் சிகிச்சை கடினமாகிக்கொண்டே போகும்.

இங்கேதான் டயபர் மாற்றுகிறவர் கவனிக்க வேண்டியது இருக்கிறது. நாளுக்குப் பல முறை குழந்தையின் கால்களை விரித்துப் பார்ப்பவர் தாய்தான், மருத்துவர் அல்ல. ஒரு கால் மற்றதைப்போல விரிய மறுக்கிறதா? முழங்கால்களை மடக்கிப் பார்த்தால் ஒன்று தாழ்ந்து தெரிகிறதா? தொடை மடிப்புகள் இரு பக்கமும் ஒத்துவரவில்லையா? இவற்றில் எது தெரிந்தாலும் காட்டிவிடுங்கள். மடிப்பு வித்தியாசம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்த்துவிடுவதில் நட்டமில்லை. பெண் குழந்தை, தலைச்சன் பிள்ளை, வயிற்றில் கால் கீழாக இருந்த பிள்ளை, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தக் கோளாறு இருந்த பிள்ளை, இவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். கால் கீழாக இருந்த குழந்தைக்கு, ஆறு வார வயதை ஒட்டி இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களாகவே கேளுங்கள்.

மூன்று மாதத்தில் தொந்தரவு செய்யாத அதே பருமன், குழந்தை எழுந்து நடக்கும்போது இடைஞ்சலாகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். 13 மாதக் குழந்தைகள் 30 பேர், 19 மாதக் குழந்தைகள் 30 பேர். ஒவ்வொரு குழந்தையையும் மூன்று விதமாக நடக்க விட்டார்கள்: வெறும் உடம்போடு, மெல்லிய தூக்கியெறியும் டயபரோடு, பருமனான துணி டயபரோடு. வெறும் உடம்போடு நடந்தபோதுதான் நடை நன்றாக இருந்தது. டயபர் போட்டதும் கால்கள் அகன்றன, தடுமாறலும் விழுதலும் கூடின. துணி டயபரில் அது அதிகம். அவர்களில் பெரும்பாலானோர் போட்டுப் பழகிய மெல்லிய டயபர்கூட நடையைக் கொஞ்சம் கெடுத்தது.

ஆக, பாட்டி கண்ணால் கண்டது சரிதான். டயபர் போட்ட பிள்ளை காலை அகட்டித்தான் நடக்கிறது. ஆனால் அது டயபர் இருக்கும்வரை. அவிழ்த்ததும் நடை மாறுகிறது என்பதையும் அதே சோதனை காட்டுகிறது. அந்த நடை நிலைத்துவிடும் என்றோ, டயபர் போட்ட குழந்தை தாமதமாகத்தான் நடக்கும் என்றோ அந்தச் சோதனை சொல்லவில்லை.

கால் வளைவதும் டயபரால் அல்ல. கருப்பையில் மடங்கிக் கிடந்த கால்கள் பிறக்கும்போதே வில்போல் வளைந்திருக்கும். இரண்டு வயதையொட்டி நேராகும். மூன்று நான்கு வயதில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி முட்டிகள் இடித்துக்கொள்ளும். ஏழு வயதுக்குள் பெரும்பாலும் சீராகிவிடும். கோமணம் கட்டிய பிள்ளைக்கும் இப்படித்தான், டயபர் போட்ட பிள்ளைக்கும் இப்படித்தான். இரண்டு வயதுக்குப் பிறகும் வளைவு கூடிக்கொண்டே போனாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ வைட்டமின் டி குறைபாடு முதலியவற்றைப் பார்க்க வேண்டும்.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணி கட்டினால் புண் வராது என்பது அது நனைந்ததும் மாற்றுகிறவர்களுக்கு மட்டும் உண்மை. ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் உராயும். மலமும் சிறுநீரும் கலந்தால் தோலின் காரத்தன்மை கூடி, மலத்தில் உள்ள நொதிகள் தோலை அரிக்கத் தொடங்கும். துணி டயபரில் ஈரம் தோலிலேயே நிற்கும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும். சோப்புத்தூள் மிஞ்சாமல் அலசுங்கள், வாசனைத் திரவம் சேர்க்காதீர்கள், வெயிலில் காயவையுங்கள். மழைக்காலத்தில் அரைகுறையாய்க் காய்ந்ததைக் கட்டுவதைவிட, அன்றைக்குக் கடை டயபரைப் போட்டுவிடுவது எவ்வளவோ மேல்.

என்னைக் கேட்டால், இரண்டில் எது என்ற சண்டையைவிட, இரண்டும் இல்லாத நேரம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். குப்புற விழும், தவழும், எழுந்து நிற்கும் குழந்தைக்குத் தினமும் கொஞ்ச நேரம் இடுப்பில் ஒன்றும் இல்லாமல் தரையில் விளையாடக் கிடைக்க வேண்டும். குளித்த பிறகு அதற்கு நல்ல நேரம். தரை நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். பகலில் மெல்லிய துணி, வெளியே போகும்போதும் இரவிலும் உறிஞ்சும் டயபர் என்று பிரித்துக்கொள்வது வேலைக்குப் போகும் தாய்க்கும் முடியும். எதைக் கட்டினாலும் இடுப்புப் பட்டையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொப்புள்கொடி விழும்வரை பட்டையை அதற்குக் கீழே மடித்துவிடுங்கள்.

ஒரு பயம் மட்டும் எனக்கு உண்டு. பிள்ளை நடக்கத் தாமதித்தால், "டயபர்தான் காரணம், விட்டால் சரியாகிவிடும்" என்று வீடே காத்திருந்துவிடுகிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவின்படி, குழந்தைகள் தனியாக நடப்பது எட்டு மாதத்துக்கும் பதினேழரை மாதத்துக்கும் இடையில். தவழாமலே நடந்த குழந்தைகளும் அதில் உண்டு, அதற்காகக் கவலை வேண்டாம். ஆனால் 18 மாதம் ஆகியும் தனியாக நடக்கவில்லை என்றாலோ, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்ந்து நொண்டினாலோ டயபரைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் அந்த வாரமே குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.