ஓய்வு நாள் யாருக்காக?



பத்துக் கட்டளைகளை நாம் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தோம். புதுநன்மை வாங்கும் முன் உபதேசியார் கேட்டபோது தடங்கல் இல்லாமல் ஒப்புவித்தோம். இன்றும் ஒப்புரவு அருளடையாளத்திற்குத் தயாரிக்கும்போது அவற்றை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்க்கிறோம். ஆனாலும், உள்ளுக்குள் ஒரு கேள்வி இருக்கத்தான் செய்கிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாலைநிலத்தில் கூடாரம் அடித்து வாழ்ந்த மக்களுக்குச் சொன்னவை, இன்று நமக்கு எதற்கு? இயேசு அன்பு ஒன்றே போதும் என்று சொல்லிவிடவில்லையா?

இயேசு அப்படிச் சொல்லவில்லை. திருச்சட்டத்தை அழிக்க அல்ல, நிறைவேற்றவே வந்ததாக மலைப்பொழிவில் தெளிவுபடுத்துகிறார் (மத் 5:17). கட்டளைகள் எல்லாம் பிறரன்பில் அடங்கிவிடுகின்றன என்று உரோமையருக்கு எழுதும் பவுலடியாரும் (13:8-10), கட்டளைகளை எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் அன்பைப் பற்றிப் பேசுகிறார். அன்பு செய் என்று பொதுவாகச் சொன்னால், நமக்கு வசதியான இடத்தில், வசதியான அளவுக்கு அன்பு செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். யாருக்கு, எப்போது, எதில் என்று கட்டளைதான் நம்மைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறது.

பத்தையும் ஒரே நேரத்தில் பேச இயலாது. ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். ஓய்வு நாளைத் தூயதாகக் கடைப்பிடிக்கச் சொல்லும் மூன்றாம் கட்டளை அது. பிரிந்த சபைச் சகோதரர்கள் பலர் இதை நான்காம் கட்டளை என்பார்கள். எண்ணும் முறைதான் வேறு, கட்டளை ஒன்றே.

இந்தக் கட்டளையை நம்மில் பலர் இப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறோம்: ஞாயிற்றுக்கிழமை பூசை காண வேண்டும், காணாவிட்டால் பாவம். இது உண்மைதான். ஆனால், உண்மையில் பாதிதான். மறுபாதியைத் தெரிந்துகொள்ளத் திருவிவிலியத்தைத் திறப்போம்.

பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன: விடுதலைப் பயண நூல் 20-ஆம் அதிகாரத்திலும், இணைச் சட்ட நூல் 5-ஆம் அதிகாரத்திலும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், ஓய்வு நாளுக்குச் சொல்லப்படும் காரணம் மாறுவதைக் காணலாம். விடுதலைப் பயண நூல், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு என்கிறது. இணைச் சட்ட நூலோ, நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், கடவுள் உன்னை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தார், அதை மறவாதே என்கிறது.

எகிப்தில் என்ன நடந்தது? விடுதலைப் பயண நூலின் 5-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பாலைநிலத்தில் மூன்று நாள் பயணம் போய்த் தங்கள் கடவுளுக்கு விழா எடுக்க மோசேயும் ஆரோனும் அனுமதி கேட்கிறார்கள். பார்வோனின் பதில் என்ன? இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் வழிபாடு, விழா என்று பேசுகிறார்கள் என்கிறான். அதோடு விடவில்லை. செங்கல் அறுக்க அதுவரை கொடுத்துவந்த வைக்கோலை நிறுத்துகிறான். வைக்கோலை அவர்களே தேடிப் பொறுக்க வேண்டும். ஆனால் நாளொன்றுக்குச் செங்கல் கணக்கு ஒன்றுகூடக் குறையக்கூடாது. குறைந்தால் அடி.

ஓய்வு கேட்பவன் சோம்பேறி என்பது பார்வோனின் குரல். ஓய்வைக் கட்டளையாகவே தருவது கடவுளின் குரல். இந்த இரண்டு குரல்களும் இன்றும் கேட்கின்றன. நாம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

இப்போது கட்டளையில் உள்ள பட்டியலைக் கவனியுங்கள். நீ, உன் மகன், உன் மகள், உன் அடிமை, உன் அடிமைப்பெண், உன் கால்நடை, உன் ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் என்று வரிசை போகிறது. ஒரே மூச்சில் சொல்லி முடிக்காமல், இதற்கு ஏன் இத்தனை பெயர்கள்? ஓய்வு எடுக்க முடிந்தவனுக்குக் கட்டளை தேவையில்லை, அவனே எடுத்துக்கொள்வான். எடுக்க முடியாதவருக்காகத்தான் கட்டளை. இணைச் சட்ட நூல் இதை ஒளிக்காமல் சொல்கிறது: உன்னைப் போலவே உன் வேலையாள்களும் ஓய்வு பெறவேண்டும் (5:14). விடுதலைப் பயணம் 23:12 இன்னும் ஒரு படி போய், மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அடிமைப்பெண்ணின் மகனும் அந்நியனும் இளைப்பாற வேண்டும் என்கிறது.

ஆக, மூன்றாம் கட்டளை நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. முதல் கேள்வி, ஞாயிறன்று நீ கடவுளோடு இருந்தாயா? இரண்டாவது, நீ ஓய்வாக இருப்பதற்காக வேறு யாராவது ஓய்வை இழந்தார்களா? முதல் கேள்வியை நாம் ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டுக்கொள்கிறோம். இரண்டாவதைக் கேட்பதே இல்லை.

இறைவாக்கினர் ஆமோஸ் கேட்டார். அவர் காலத்து வணிகர்கள் ஓய்வு நாளன்று கடையை மூடினார்கள். சட்டத்தை மீறவில்லை. ஆனால், ஓய்வு நாள் எப்போது முடியும், கோதுமையை எப்போது விற்கலாம், மரக்காலைச் சுருக்கி எடைக்கல்லைக் கள்ளமாக்கி ஏழையை எப்படி ஏமாற்றலாம் என்றே அவர்கள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது (8:4-6). கடை மூடியிருந்தது, பேராசை திறந்தே இருந்தது. அதைக் கடவுள் ஏற்கவில்லை.

இயேசு ஓய்வு நாளை மீறினார் என்று குற்றம் சாட்டினார்கள். லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில் வரும் கூனல் விழுந்த பெண்ணை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு ஆண்டுகளாக நிமிர முடியாதவர். தொழுகைக்கூடத்தில் இயேசு அவரைக் குணமாக்குகிறார். தொழுகைக்கூடத் தலைவருக்குக் கோபம். வேலைக்கு ஆறு நாள் இருக்கிறதே, அந்நாள்களில் வந்து குணமடையக் கூடாதா என்கிறார். இயேசுவின் பதில் எளிமையானது. ஓய்வு நாளில் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளாகிய இவரை அவிழ்த்துவிடக் கூடாதா? ஓய்வு நாள் என்பதே கட்டு அவிழ்க்கும் நாள். அதன் பொருளை இயேசு நிறைவேற்றிக் காட்டினார்.

அந்த இயேசு வாரத்தின் முதல் நாளில் உயிர்த்தெழுந்தார். ஆகவே திருச்சபை அந்த நாளை ஆண்டவரின் நாளாகக் கொண்டாடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஞாயிறு விடுமுறை நாள் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. நம் மூதாதையர் பலர் அடிமைகள், கூலிகள். வேலைக்குப் போகும் முன் அதிகாலையில் கூடி வழிபட்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தின், ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, அங்கே சேரும் காணிக்கை அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்போருக்கும் அந்நியருக்கும் போய்ச்சேரும் என்கிறார். பாருங்கள், கட்டளையின் பழைய பட்டியல் திருப்பலியிலும் தொடர்கிறது!

304-ஆம் ஆண்டு, தியோக்ளேசியன் மன்னன் காலத்தில், இன்றைய துனிசியா நாட்டில் உள்ள அபித்தினா என்ற ஊரில் 49 கிறிஸ்தவர்கள் ஒரு வீட்டில் கூடி ஞாயிறு திருப்பலி கொண்டாடியதற்காகக் கைது செய்யப்பட்டார்கள். தடை இருக்கும்போது ஏன் கூடினீர்கள் என்று கார்த்தேஜ் நகர் நீதிமன்றத்தில் கேட்டபோது, ஆண்டவரின் நாளும் அவரது விருந்தும் இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்ற பொருள்படப் பதில் சொல்லி மறைசாட்சிகள் ஆனார்கள். 17 ஆண்டுகள் கழித்து, 321-இல்தான் கான்ஸ்டன்டைன் மன்னர் நகரங்களில் ஞாயிறை ஓய்வு நாளாக ஆக்கினார். உழவர்களுக்கு அப்போதும் விலக்குத்தான். அவர்கள் வேலை செய்யலாம்.

தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், 1891-இல், திருத்தந்தை 13-ஆம் லியோ தம் சுற்றுமடலில் தொழிலாளியின் ஞாயிறு ஓய்வுக்காகக் குரல் கொடுத்தார். தொழிலாளிக்கும் ஆன்மா உண்டு, அதை யாரும் கூலி கொடுத்து வாங்கிவிட முடியாது என்பது அவர் வாதத்தின் உயிர். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, ஆண்டவரின் நாளைக் கடைப்பிடிக்க முடியாதபடி பிறர்மேல் தேவையற்ற வேலையைச் சுமத்துவதைத் தவிர்க்கும்படி ஒவ்வொரு கிறிஸ்தவரையும் கேட்டுக்கொள்கிறது (எண் 2187).

சரி, நம் ஊருக்கு வருவோம். தீபாவளி, கிறிஸ்துமஸ் நெருங்கும் ஞாயிறுகளில் துணிக்கடைகளில் நிற்க இடம் இருக்காது. அங்கே சேலையை எடுத்துப் போட்டு, மடித்து, மறுபடி எடுத்துப் போடும் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து இரவுவரை நின்றுகொண்டே இருப்பார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. உட்காரவே சட்டம் வேண்டியிருக்கிறது என்றால், ஓய்வு நாளைப் பற்றி என்ன சொல்வது? ஞாயிறு காலை ஆறு மணித் திருப்பலிக்கு வந்து, இறுதி ஆசீருக்கு முன்பே கடை வேனைப் பிடிக்க ஓடும் பிள்ளைகள் எங்கள் பங்கிலும் உண்டு. பாதியில் போகிறார்கள் என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஓட்டத்தையும் இறைவன் மன்றாட்டாகவே ஏற்றுக்கொள்வார். கேள்வி அவர்களிடம் அல்ல, அவர்களுக்கு வேலை கொடுப்பவர்களிடமும், அங்கே போய்ச் சேலை எடுக்கும் நம்மிடமும்தான்.

நம் வீடுகளைப் பாருங்கள். பட்டியலில் மகன், மகள், வேலையாள், மாடு எல்லாம் இருக்கிறார்கள். மனைவி எங்கே? விவிலிய அறிஞர்கள் பலர், 'நீ' என்று சொல்லும்போதே கணவன், மனைவி இருவரும் அதில் அடங்குகிறார்கள் என விளக்குகிறார்கள். ஆனால், நம் வீடுகளில் அவர் உண்மையாகவே விட்டுப்போய்விட்டார். ஞாயிறு என்றால் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வு. அம்மாவுக்கு அன்றுதான் வேலை அதிகம். காலையில் பூசை, வந்ததும் கறி கழுவ வேண்டும், மசாலா அரைக்க வேண்டும், விருந்தாளிக்குப் பரிமாற வேண்டும், வாரம் முழுதும் சேர்ந்த துணியைத் துவைக்க வேண்டும், திங்கள்கிழமைக்குச் சீருடை தேய்க்க வேண்டும். அவர் சாப்பிட உட்காரும்போது மணி மூன்றாகிவிடும். இந்த வீட்டில் மூன்றாம் கட்டளை கடைப்பிடிக்கப்படுகிறதா?

அப்படியானால் செவிலியர், பேருந்து ஓட்டுநர், காவலர் எல்லாம் ஞாயிறன்று வேலை செய்வது பாவமா என்று கேட்பீர்கள். இல்லை. குடும்பத் தேவையும் சமூகத்திற்கு இன்றியமையாத பணியும் தக்க காரணங்கள் என்று திருச்சபையே ஏற்றுக்கொள்கிறது. ஞாயிறு வர இயலாதவர் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் அந்தக் கடமை நிறைவேறுகிறது. அதுவும் முடியாதபோது, குடும்பமாக அமர்ந்து செபிக்கும்படி திருச்சபைச் சட்டம் அறிவுறுத்துகிறது. ஞாயிறு வியாபாரத்தை வைத்துத்தான் கடை வாடகையே கட்டுகிறேன் என்று சொல்லும் சிறு வணிகரின் நெருக்கடியும் பொய் அல்ல. ஆனால், முறைவைத்து விடுமுறை கொடுக்கலாம் அல்லவா? திருப்பலி முடிந்து வர இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கலாம் அல்லவா?

அன்புக்குரியவர்களே, இந்த வாரமே செய்யக்கூடியவை மூன்று. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு வாரம் ஒருநாள் சம்பளம் பிடிக்காமல் விடுமுறை கொடுங்கள். அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி. அந்நியனுக்கும் ஓய்வு என்பதுதான் கட்டளை. இரண்டாவது, ஞாயிறு சமையலையும் துணியையும் வீட்டில் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். விருந்து எளிமையாக இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. மூன்றாவது, ஆலயத்திற்கும் இது பொருந்தும். கோயில்பிள்ளை, துப்புரவுப் பணியாளர், பங்குத்தந்தை இல்லத்துச் சமையற்காரர் ஆகியோருக்கு ஞாயிறுதான் கடினமான நாள். அவர்களுக்கு வேறொரு நாள் முழு ஓய்வு கிடைக்கிறதா என்று பங்குப்பேரவையும் அன்பியங்களும் கேட்டறிய வேண்டும்.

கடவுள் தம் மக்களை முதலில் விடுவித்தார், பிறகுதான் கட்டளைகளைத் தந்தார். பார்வோனிடமிருந்து தப்பி வந்தவர்கள், தாங்களே சின்னப் பார்வோன்களாக மாறிவிடக் கூடாது என்பதற்காகவே அவற்றைத் தந்தார். நாம் ஓய்ந்திருக்கும் நாளில் நமக்காக உழைப்பவர் யார் என்று பெயர் சொல்லி நினைத்துப் பார்ப்போம். அவரும் நிமிர்ந்து, இளைப்பாறி, இறைவனைப் புகழ வழி செய்வோம். உழைத்துக் களைத்தோரைத் தம்மிடம் அழைக்கும் ஆண்டவர் இயேசு, நம் இல்லங்களுக்கும் நம்மிடம் வேலை செய்வோரின் இல்லங்களுக்கும் தம் இளைப்பாற்றியைத் தருவாராக. ஆமென்.